நாலு கயிறு மாமா

கதவு மூடியதும் லிஃப்ட் மாமா முதலில் அண்ணாந்து பார்ப்பார். கூரைக்கு மேலிருந்து வரும் சத்தத்தைக் கவனிப்பார். சத்தம் சரியாக இருந்தால் முகத்தை இறக்கி, பக்கத்தில் நிற்பவரிடம் ஆரம்பிப்பார்: "சார், புது ஆட்சி வந்திருக்கு. கையில கொஞ்சம் பணம் இருக்கு. எதுல போட்டா நல்லது?"

பக்கத்தில் நிற்பவர் யார் என்பது முக்கியமில்லை. மூன்றாவது மாடி வக்கீல், ஐந்தாவது மாடி ஆடிட்டர், தண்ணீர் கேன் சுமந்து வருகிறவர், எல்லாருக்கும் ஒரே கேள்விதான். அவர்களும் ஆர்வமாகத்தான் பதில் சொல்லத் தொடங்குவார்கள். ஆனால் லிஃப்ட் யார் பேச்சுக்காகவும் நிற்காது. "தங்கம் வாங்கலாம், ஆனா..." என்பதற்குள் வக்கீலின் மாடி வந்துவிடும். "பேங்க்ல போட்டா பயமில்ல, என்ன ஒண்ணுன்னா..." என்பதோடு ஆடிட்டர் இறங்கிவிடுவார். மாமா பொருளாதாரம் படித்தது இப்படித்தான். எல்லா யோசனையிலும் முன்பாதி அவரிடம் இருக்கிறது. 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்பது மட்டும் தெரியாது.

அந்த அலுவலகக் கட்டடத்தின் வரவேற்பு மேசையில், பள்ளி முடித்த கையோடு, எனக்குத் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்திருந்தது. லிஃப்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து முழுசாகக் கேட்டுக்கொள்ளலாமே என்று ஒருநாள் சொன்னேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல மாமா என்னைப் பார்த்தார். "ஓடற லிஃப்டை நிறுத்தச் சொல்றியாம்மா? அப்புறம் எனக்கு எதுக்குச் சம்பளம்?"

அவர் அங்கே லிஃப்ட் மெக்கானிக். ஆள் குள்ளம். நகக்கண்களில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியிருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. மனிதர்களைப் பார்த்ததும் எடை போடுவார். குணத்தை அல்ல, எடையையே. "நீங்க எழுபத்தஞ்சு, அந்தம்மா அறுபது, பெட்டி ஒரு பதினஞ்சு. தாராளமா ஏறலாம்" என்பார். இரண்டாவது மாடி மேலாளரைப் பார்த்து ஒருமுறை "சார் மட்டும் அடுத்த தடவை வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மேலாளர் படிக்கட்டில்தான் போகிறார். அதனால் இளைத்தும் விட்டார். மாமா அதைத் தன் சேவைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார்.

அவரும் நாங்களும் ஒரே குடியிருப்பில் இருக்கிறோம். நாங்கள் மூன்றாவது மாடி, அவரும் அத்தையும் நான்காவது. அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் தன் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறிப் போகிறார். அவர்கூடப் பரவாயில்லை. அத்தைக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து, மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, கடைசி ஏற்றத்தை ஏறுவார். சில வாரங்களாகக் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். "கீழ போனா மறுபடி மேல வரணுமே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வராது.

மாமா முப்பது வருடம் வேலை பார்த்த லிஃப்ட் நிறுவனம், பராமரிப்புப் பிரிவை மூடிவிட்டு ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பியது. அதற்குப் பிறகும் எங்கள் அலுவலகக் கட்டடம் அவரைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டது. வந்த தொகை எதற்கு என்பதில் வீட்டில் சந்தேகமே இல்லை. தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்க வேண்டும். ஆனால் தொகை கொஞ்சம் குறைந்தது. அதைக் கொஞ்சம் வளர்த்தால் போதும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்சி மாறியது.

பழைய அரசாங்கத்தில் எது ஏறும், எது இறங்கும் என்று ஊருக்கே ஒரு பழக்கம் இருந்தது. புது அரசாங்கம் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் தெரிந்ததுபோலப் பேசினார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். மாமாவுக்குக் கால் நாலாகிவிட்டது. பணத்தை நான்கு பங்காக்கினார். ஒன்று வங்கி வைப்பு, ஒன்று தங்கம், ஒன்று அரசாங்கக் கடன் பத்திரம், ஒன்று பங்குச் சந்தை.

இதற்கு அவரிடம் ஒரு தொழில்முறை விளக்கமும் இருந்தது. "லிஃப்ட் எதுல தொங்குதுன்னு நினைக்கிற? ஒரே கயித்துலயா? நாலு கயிறும்மா. இதுல விசேஷம் என்னன்னா, ஒவ்வொரு கயிறும் தனியாவே முழு எடையும் தாங்கும். மூணு அறுந்தாக்கூட ஒண்ணு போதும். நான் பணத்தை அப்படித்தான் கட்டித் தொங்க விட்டிருக்கேன்."

எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. அத்தை அசரவில்லை. "கயிறு நாலு இருக்கு, சரி. லிஃப்ட் எங்க?" என்றார்.

ஒரு நிதி ஆலோசகரிடமும் மாமா போய்வந்தார். கண்ணாடி அறை, கழுத்தில் டை கட்டிய பையன். நீங்கள் எந்த அளவுக்கு ரிஸ்க் எடுக்கக்கூடியவர், குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று கேட்டானாம். இவர் கோபித்துக்கொண்டு வந்துவிட்டார். முப்பது வருடம் லிஃப்ட் குழிக்கு மேல் தொங்கி வேலை பார்த்தும் ஒருநாள்கூட ரிஸ்க் எடுக்காதவரைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்பது அவர் வருத்தம். "நடுத்தரமா ரிஸ்க் எடுக்கிற மெக்கானிக்கை எவனாவது லிஃப்ட் கிட்ட விடுவானா?"

புது நிதி அமைச்சர் முதல் பட்ஜெட்டை வாசித்த அன்று, வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் மாமா ஸ்பேனரும் கையுமாக நின்றார். தங்கத்துக்கு இறக்குமதி வரியை எடுத்தார்கள். தங்கம் விலை இறங்கியது. பங்கு லாபத்துக்கு வரி போட்டார்கள், சந்தை இறங்கியது. அரசாங்கம் நிறையக் கடன் வாங்கப்போகிறது, அதனால் வட்டி ஏறும் என்றார்கள். மாமா முகம் மலர்ந்தது. உடனே அவர் வைத்திருந்த கடன் பத்திரத்தின் விலையும் இறங்கிவிட்டது என்றார்கள்.

"வட்டி ஏறுனா நல்லதுதானேம்மா? அது எப்படி இறங்கும்?"

நான் பள்ளியில் வணிகவியல் படித்தவள். புதுப் பத்திரத்துக்கு வட்டி கூடினால் பழைய பத்திரத்தைக் குறைந்த விலைக்குத்தான் கேட்பார்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே குழம்பியது. அப்படியானால் வங்கியில் போட்டதற்காவது வட்டி கூடுமா என்றார். புதிதாகப் போடுகிறவர்களுக்குக் கூடும், உங்களுடையது பழைய வட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்றேன். எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால்? முன்கூட்டியே எடுத்தால் அபராதம். மாமா ஸ்பேனரை மேசைமேல் வைத்தார். "நாலும் ஒரே நாள்ல அறுந்து நான் பார்த்ததே இல்ல" என்றார்.

அதற்கு அடுத்த வாரம்தான் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்து டெய்லரம்மா, மகன் வீட்டோடு போகப்போவதாகவும் வீட்டை விற்கப்போவதாகவும் சொன்னார். மருந்துக்கடைக்காரர் குடோனுக்குக் கேட்கிறார், முழுப்பணமும் தயாராக வைத்திருக்கிறார். ஆனால் டெய்லரம்மாவுக்கு அத்தையின் முட்டியைத் தெரியும். அத்தையிடம் விலையைக் கொஞ்சம் குறைத்தே சொன்னார். "வெள்ளிக்கிழமைவரைக்கும் அவர்கிட்ட வாய் திறக்க மாட்டேன். அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துருங்க. அவரோட மருந்து மூட்டைங்க எந்த மாடியில வேணா இருக்கும், உங்களால முடியுமா?"

அந்த வாரம் மாமா லிஃப்டில் ஏறினால் மக்கள் படிக்கட்டைத் தேடி ஓடினார்கள். கேள்வி நீண்டுவிட்டது: இப்போது விற்றால் நஷ்டம், விற்காவிட்டால் வீடு போய்விடும், என்ன செய்யலாம்? வக்கீல் பொறுத்திருக்கச் சொன்னார். ஆடிட்டர் தங்கத்தை மட்டும் விற்கச் சொன்னார். தண்ணீர் கேன்காரர், தானும் தங்கம் வாங்கியிருப்பதாகவும், விற்பதென்றால் தன்னிடமும் சொல்லிவிட்டு விற்கும்படியும் கேட்டுக்கொண்டார். போதாததற்கு, சந்தையின் கூச்சலைக் கேட்டு அரசாங்கம் வெள்ளிக்கிழமை மாலை வரிகளில் மாற்றம் அறிவிக்கும் என்று ஒரு செய்தி வந்தது. சிலர் வரி போய்விடும் என்றார்கள். சிலர் கூடும் என்றார்கள். இரண்டு தரப்பும் 'நிச்சயமா' என்றே சொன்னது.

வியாழக்கிழமை சாயங்காலம் அத்தை ரொம்ப நாளைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்காகக் கீழே போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். மாமா ஒரு படி கீழே உட்கார்ந்து, எந்தப் பங்கை விற்பது, எதை வைத்திருப்பது என்று பேசிக்கொண்டே இருந்தார். நான் அவர்களுடைய மருந்துப் பையோடு பின்னால் நின்றேன்.

"உங்க லிஃப்ட்ல ஒரு கயிறு அறுந்தா என்ன ஆகும்?" என்று அத்தை கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது. மத்தது முழுசாத் தாங்கும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"சரி. அந்தத் தங்கம் மட்டும் கீழ்வீட்டைத் தாங்குமா?"

"அது எப்படித் தாங்கும்? அது கால் பங்குதானே."

"பத்திரம்?"

"அதுவும் கால் பங்குதான்."

"அப்ப அது நாலு கயிறு இல்லீங்க. ஒரே கயித்தை நாலாப் பிரிச்சு வச்சிருக்கீங்க" என்றார் அத்தை, முட்டியைத் தடவிக்கொண்டே.

முப்பது வருடத் தொழிலை யாரோ பிரித்துக் கையில் கொடுத்ததுபோல மாமா உட்கார்ந்திருந்தார். மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. கடைசியில் அத்தைதான் அவர் தோளைப் பிடித்து எழுந்து, "வாங்க, இன்னும் ரெண்டு மாடி இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் வங்கி வைப்பை அபராதம் கட்டி உடைத்தார். தங்கத்தையும் விற்றார். வங்கிக் குமாஸ்தாகூட, சாயங்காலம் அறிவிப்பு இருக்கிறதே, பார்த்துவிட்டு வரலாமே என்றாராம். அட்வான்ஸ் டெய்லரம்மா கைக்குப் போய்விட்டது. வீட்டுப் பத்திரப் பதிவுக்குள் மீதியைக் கொடுக்க வேண்டும். மீதி என்பது பங்குகளும் கடன் பத்திரமும்தான். அது போதுமா, துண்டு விழுமா என்பது மாலை அமைச்சர் வாயில் இருந்தது. போதாவிட்டால் அட்வான்ஸும் போய்விடலாம். செய்தது சரியா என்று மாமா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "எனக்கும்தான்" என்றார்.

மாலையில் டெய்லரம்மா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். மாமா அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார். தையல் மிஷின்மேல் இருந்த சின்னத் தொலைக்காட்சியில் அமைச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். டெய்லரம்மா சத்தத்தைக் கூட்டினார். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

அவர் உள்ளே, குளியலறை வாசலில் நின்றார். அத்தையைப் பக்கத்தில் நிறுத்தி, "விழப்போறேன்னு நினைச்சுக்கோ. கை தானா எங்க போகுது?" என்று கேட்டார். அத்தை சுவரில் கை வைத்தார். மாமா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"இன்னும் பதிவே ஆகல, சுவத்துல கிறுக்காதீங்க" என்று கூடத்திலிருந்து டெய்லரம்மா சத்தம் போட்டார். அமைச்சர் இப்போது வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மாமா அத்தையின் உள்ளங்கைக்கு அடியில், கைப்பிடிக் கம்பி வரவேண்டிய இடத்தில், அழுத்தி ஒரு கோடு போட்டார்.