தட்டிப் பார்க்காத அலமாரி

துறைமுகத்தில் மரம் சோதிக்கும் அதிகாரியான அவருக்கு டொக்டொக் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் மரம் எதுவானாலும், விலை உயர்ந்த கட்டையோ, பெட்டிக்கு அடியில் கிடக்கும் சப்பைப் பலகையோ, திருப்புளியின் பிடியால் நாலு இடத்தில் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். சத்தம் கெட்டியாக வந்தால் முத்திரை. பொக்கென்று வந்தால் உள்ளே பூச்சி குடித்தனம் நடத்துகிறது என்று பொருள். சரக்கு வந்த கப்பலிலேயே திரும்பும், இல்லாவிட்டால் எரியும். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோதும் நாற்காலியைத் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்று மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு மூன்று வருடத்துக்கு முன்பு நின்றுபோனது. கடலுக்கு அப்பால் மரச்சாமான் வியாபாரம் செய்யும் அவளுடைய அண்ணன், இங்கேயும் ஒரு கடை போடலாம் என்று சரக்கு அனுப்பினார். டொக்டொக் தட்டினார். பொக். முழுச் சரக்கும் திரும்பிப் போனது. "தங்கச்சி புருஷனே என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாரு" என்று போனை வைத்தவர், அதன்பிறகு தங்கையிடமும் பேசவில்லை.

வீட்டில் காபி ஆறிப்போய் வரத் தொடங்கியதும் டொக்டொக்குக்குப் புத்தி வந்தது. உறவுக்காரர் சரக்கை இனி உறவுக்காரர் சோதிக்கக் கூடாது என்று மேலதிகாரியிடம் மன்றாடி ஒரு விதியே போட வைத்தார்.

இந்த வருடம் மச்சான் கோபம் ஆறி, தங்கைக்கு ஓர் அலமாரி அனுப்பினார். அது இறங்கிய அன்று, நேர்மைக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதென்று டொக்டொக் டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சோதிக்க வந்த உதவியாளனோ, சார் வீட்டுப் பொருளை நான் தட்டினால் சாரையே சந்தேகப்பட்டதாகிவிடாதா என்று கூசிப்போய், தட்டாமலே முத்திரை குத்தினான்.

அலமாரி வீட்டுக்கு வந்தது. ஞாயிறுதோறும் அண்ணன் போனும் வந்தது. காபி சூடாக வந்தது.

ஒருநாள் அலமாரிக்கு அடியில் மாவு போல ஏதோ உதிர்ந்து கிடந்தது.

"இது என்ன?"

"தூசி. வீடுன்னா தூசி இருக்காதா?"

விரலால் தேய்த்துப் பார்த்தவர் திருப்புளியை எடுத்தார்.

"அதக் கீழ வைங்க."

"ஒரே ஒரு தட்டும்மா."

"நீங்க தட்டின லட்சணத்துலதான் மூணு வருஷம் எங்கண்ணன் குரலக் கேக்காம கெடந்தேன். எங்க வீட்டுப் பொருள்னா மட்டும் உங்களுக்குப் பூச்சி தெரியும்."

திருப்புளி கீழே போனது. ஆனால் கண் ஜன்னலுக்குப் போனது. வெளியே தெருவின் இருபுறமும் மரங்கள், பூங்கா, அதற்கப்பால் மலைக்காடு. இந்த நாட்டில் இல்லாத பூச்சி. அதைத் தின்ன இங்கே ஒரு பறவைக்கும் தெரியாது.

துணி எடுக்க அவள் கதவைத் திறந்தாள். மடித்து வைத்த போர்வையின் மேல், நீள மீசையை ஆட்டிக்கொண்டு, வாடகை கொடுத்தவன் தோரணையில் ஒரு வண்டு நடந்துகொண்டிருந்தது. அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"தட்டித் தொலைங்க."

பொக்.

அலுவலக வண்டி வந்தது. உதவியாளன் தலை நிமிராமல், கட்டில் முதல் சப்பாத்திக் கட்டை வரை வீட்டிலிருந்த மரத்தையெல்லாம் தட்டினான். அலமாரி பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு எரியப் போனது.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. இனி இன்னொரு மூன்று வருடம் என்று டொக்டொக் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

"என் சரக்குல பூச்சியா?" அலமாரி எரிந்த சேதியைக் கேட்டதும் அண்ணன் குரல் ஏறியது.

"உன் சரக்க யாரு சொன்னா? எல்லாம் இவரால வந்தது" என்றாள் அவள். "ஊர்ல உள்ள மரத்தையெல்லாம் தட்டுறவரு, சொந்த வீட்டு அலமாரி வந்து எறங்கறப்ப டீக்கடையில உக்காந்திருக்காரு."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. போனைக் காதிலிருந்து நகர்த்த வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளையா! மாப்பிள்ளையா கோட்டை விட்டாரு? அவர்கிட்ட குடு!"

டொக்டொக் வாங்கினார். மனைவி கண்ணாலேயே எச்சரித்தாள்.

"ஆமா மச்சான். கோட்டை விட்டுட்டேன்."

"அட விடுங்க மாப்பிள்ளை, மனுஷன்னா அசரத்தான் செய்வான். நான் வேற அலமாரி அனுப்பறேன்."

"அனுப்புங்க மச்சான்" என்றார். கை தானாகவே சட்டைப் பையிலிருந்த திருப்புளியைத் தொட்டது. "இரும்புல அனுப்புங்க. அப்புறம்... மரப்பெட்டியில போட்டுக் கட்டிடாதீங்க."