மாட்டுங்காவில் ஒரு வயல்

நான் பம்பாய்க்கு வந்து ஏழாவது வருஷம் நடக்கிறது. ஆனாலும் பம்பாயில்தான் இருக்கிறேனா என்று தெரியவில்லை. எங்கள் கட்டடத்து ஆண்கள் காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது, "பம்பாய்க்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்கிறார்கள். தெற்கே, ஆபீசுகள் இருக்கும் கோட்டைப் பக்கம்தான் பம்பாயாம். அப்படியானால் வடகோடியில் இருக்கும் இந்த மாட்டுங்கா என்ன ஊர்? சில வருஷங்களுக்கு முன்புவரை வயலும் சதுப்புமாகக் கிடந்ததாம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, நூல் பிடித்ததுபோல் தெரு போட்டு, மூன்று மாடி வீடுகள் எழுப்பினார்கள். இப்போது தெருவெல்லாம் காப்பிக்கொட்டை வறுக்கும் மணமும் நம்மவர் பேச்சும்தான். மராத்தி கேட்க வேண்டுமென்றால் ரயில் பாதையைத் தாண்ட வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு மராத்திக்காரி எங்கள் கொல்லைக் கதவருகே தினமும் வந்து நின்றாள். என் அம்மாவின் வயதிருக்கும். ஒருநாள் தரையைக் காட்டி, "மாஜா பாத்" என்றாள். மாஜா என்றால் என்னுடையது, பாத் என்றால் சோறு என்பது எனக்குத் தெரியும். இலையில் சுடுசோறு கொண்டுபோய் நீட்டினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. சாக்கடையோரம் தானாக முளைத்திருந்த நெல்நாற்று ஒன்றைப் பிடுங்கி, குனிந்து, சேற்றில் ஊன்றிக் காட்டினாள். அவர்கள் பேச்சில் நெல்லுக்கும் அதே பெயர்தான். என் சமையலறை நிற்கும் இடம் அவள் வயலாக இருந்திருக்கிறது.

எங்கள் ஊர் இலஞ்சியில், குற்றாலத்துச் சாரலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எங்கள் வரப்பில் நின்று வயலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாற்று நட்டபடியே நாங்கள் சிரிப்போம். வயலில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றும்.

அவள் இங்கே வந்துகொண்டிருந்த சமயத்தில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் பித்தளைப் பானை காணாமல் போனது. அவர் கடையநல்லூர்க்காரர்.

"அவதான் எடுத்திருப்பா, தங்கச்சி. தெனம் வந்து நோட்டம் பாக்குதால்லா?"

"இல்ல அண்ணாச்சி, இங்கன அவ வயல் இருந்திருக்கு. அதப் பாக்கத்தான் வருதா."

"பம்பாயில ஏது தங்கச்சி வயலு?"

மறுநாள் அவள் வந்ததும் போலீஸ்காரனைக் கூட்டிவந்துவிட்டார். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில், தரையைக் காட்டி, "உஸ்கா பாத்", அவளுடைய நெல் என்றேன். சோற்றுக்கு வந்தவள் என்று எடுத்துக்கொண்டான். சிரித்தபடி கையை விட்டு, பிச்சைக்காரியை விரட்டுவதுபோல் விரட்டினான். அவள் தப்பித்தாள். ஆனால் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திருடி என்று நான் சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

பானை இரண்டு நாளில் ஈயம் பூசுகிறவனிடமிருந்து வந்து சேர்ந்தது. அண்ணாச்சியின் மனைவியே கொடுத்துவிட்டு மறந்திருக்கிறாள். அந்த மராத்தி அம்மாள் மட்டும் வரவேயில்லை.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு, ரயில் பாதைக்கு அப்பால் இருந்த குடிசைகளுக்குப் போய் விசாரித்தேன். மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். எந்த ஊர் என்று சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை. ஒருத்தி என் ஊரைக் கேட்டாள். "மாட்டுங்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அது தங்கள் ஊர் என்பதுபோல் அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, மறுபடி என்னைக் கேட்டாள். இலஞ்சி என்றால் யாருக்குத் தெரியும்? பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லி, "தென்காசி" என்றேன்.

அவர்கள் காதில் பாதிதான் விழுந்தது. "காசி! காசி!" என்று ஒருவருக்கொருவர் சொல்லி, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.