அம்மா மனப்பாடம் செய்த கண் பரிசோதனை

இன்று கண் கிளினிக்கில் அம்மா கடைசி வரி வரை சரியாகச் சொன்னார்.

(இந்த முறை நிஜமாகவே பார்த்துச் சொன்னார்.)

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன்.

அம்மா வரக்காப்பொல பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டுகிறார். இரண்டு கண்ணிலும் வெள்ளை, அதாவது புரை, விழுந்துவிட்டது. கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் படுகிறது என்று கங்காணி இரண்டு தடவை ஏசிவிட்டார். அம்மாவோ கத்தி சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். (புதுக் கத்தி வாங்கிக் கொடுத்தேன். அதுவும் சரியில்லையாம்.)

ஒப்பரேஷன் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை மட்டும் நாங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். தொழிலாளர் காப்புறுதியில் லென்ஸுக்கு ஏற்கெனவே உதவி இருந்தது. ஆனால் முதலில் லென்ஸை வாங்கு, பில்லை அனுப்பு, பிறகு பார்ப்போம் என்பார்கள்.

முதலிலேயே வாங்க முடிந்தவர்கள் எதற்காகக் காப்புறுதியைத் தேடி அலையப் போகிறார்கள்?

இப்போது அதை மாற்றியிருக்கிறார்கள். கிளினிக்கில் கடிதம் கொடுத்தால் போதும், லென்ஸுக்குக் காப்புறுதியே நேராகக் கட்டிவிடும். இந்தச் செய்தி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேரவேயில்லை. நான் வேலை செய்கிற கொமியூனிகேஷன் கடைக்கு யாரோ அந்தச் சிங்களப் படிவத்தைப் போட்டோகொப்பி எடுக்க வந்தார்கள். அப்போது வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். (அடுத்தவர் கடிதத்தை வாசிப்பது தப்புதான். எனக்கும் ஒரு கொப்பி அடித்துக்கொண்டது அதைவிடத் தப்பு.)

ஒரே ஒரு நிபந்தனை. பார்வை குறைவு என்று கிளினிக்கில் சோதித்து எழுத வேண்டும்.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அம்மாவைக் கிளினிக் வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது அம்மா உள்ளே இருந்தார். சுவரில் ஒரு அட்டை, அதில் ஆங்கில ஈ எழுத்து நாலு பக்கமும் திரும்பிக் கிடக்கிறது. மிஸ்ஸி, அதாவது நர்ஸ், குச்சியால் ஒவ்வொன்றாகக் காட்டுவார். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும்.

அம்மா சொன்னார். மேலே, கீழே, வலது, மறுபடி மேலே என்று சிங்களத்தில் கடகடவென்று சொன்னார். ஒன்றுகூடப் பிழையில்லை.

கத்திதான் சரியில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மிஸ்ஸி குச்சியை மேசையில் வைத்தார்.

"அம்மே, மம தாம பென்னுவே நேனே."

அம்மா, நான் இன்னும் காட்டவே இல்லையே என்கிறார்.

பெஞ்சில் காத்திருந்த நேரத்தில், உள்ளே போனவர்கள் சொன்னதையெல்லாம் காதால் கேட்டு அம்மா மனப்பாடம் செய்திருக்கிறார்.

"ஏம்மா இப்புடி செஞ்சீங்க?"

"கண்ணு தெரியலன்னு எழுதிப்புட்டா ஆபிஸ்ல என் பேர வெட்டிருவாங்கல்ல? அப்புறம் எனக்கு மரம் குடுப்பாங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ச்சலோடு மலை ஏறினாலும் எங்கள் ஆட்கள் சும்மா தடிமன், வெறும் சளி என்றுதான் சொல்வார்கள். வேலை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பேப்பரும் பேனையுமாக யார் உட்கார்ந்திருந்தாலும், முடியுமா என்று கேட்டால் முடியும் என்று சொல்லியே அம்மாவுக்குப் பழகிவிட்டது.

நான் மிஸ்ஸியிடம் விளக்கினேன். அவர் ஏசவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில் அம்மாவிடமே பேசினார்.

"அம்மா, பயம் வேணாம். இந்த லெட்டர் தோட்டம் போறது இல்லை. இங்க தெரியாது சொன்னாத்தான் லென்ஸ் வரும்."

பிறகு அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். அம்மாவால் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை.

கடிதம் கிடைத்தது. லென்ஸ் வந்தது. ஒரு கண் முடிந்து, அம்மா வேலைக்கும் திரும்பிவிட்டார். மற்றக் கண்ணுக்கும் திகதி கொடுத்திருக்கிறார்கள். இப்போது மரத்தில் காயமில்லை என்று கங்காணியே சொல்கிறார். (கத்தி அதே கத்திதான்.)

மிஸ்ஸிக்கும் டொக்டருக்கும் நன்றி. முதலில் வாங்கு, பிறகு பார்ப்போம் என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிட்டவர் யாரென்று தெரியாது. ஐயாவோ மேடமோ, உங்களுக்குப் பெரிய கும்பிடு. அப்படியே படிவத்தைத் தமிழிலும் அடித்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

இத்தோடு பதிவை முடித்திருப்பேன். ஆனால் இன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, கண்ணு கூசுதா?"

"இல்ல புள்ள. அன்னைக்கு பெஞ்சில எம்பக்கத்துல ஒரு அக்கா இருந்துச்சு. வேற தோட்டம். அதுவும் பால் வெட்டுறதுதான். பேர வெட்டிருவாங்கன்னு அதுக்கும் பயம். நாந்தான் அதுக்கும் சொல்லிக் குடுத்தேன்."

"சரி, அவங்க?"

"எனக்கு முன்னாடியே உள்ள போச்சு. எல்லாம் சரியா சொல்லிட்டு சந்தோஷமா வீட்டுக்கு போயிருச்சு."

அடுத்த ஹோல்டில் இறங்கி, கிளினிக்குக்கே திரும்பிப் போனோம். கண் நன்றாகத் தெரிகிறவர்களின் பெயரை எழுதி வைப்பதில்லையாம். கூட்டிக்கொண்டு வந்தால் திரும்பவும் பார்க்கிறேன் என்றார் மிஸ்ஸி.

"ஆள் எப்புடிம்மா இருப்பாங்க?"

"மொகம் எங்க எனக்கு தெரிஞ்சிச்சு?"

அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த அக்காவின் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக மடக்கித்தான் வரிசையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வலது கைச் சுண்டு விரல் நிமிரவே இல்லையாம்.

வரக்காப்பொல, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களே, சுண்டு விரல் நிமிராத, பால் வெட்டுகிற அக்கா யாராவது உங்கள் லயத்து வீடுகளில் இருக்கிறாரா? பேரை வெட்ட மாட்டார்கள் என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு எனக்குச் சொல்லுங்கள். கூட்டிப் போக அம்மா தயார்.

இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறார்.

"இந்த தடவ நான் ஒன்னும் சொல்லிக் குடுக்க மாட்டேன்னும் எழுது புள்ள."