ஆணியில் குத்திய மாத்திரை அட்டைகள்

மாமல்லபுரத்தில் நான் வேலை செய்யும் சிற்பக் கூடத்தில், ஷெட்டைத் தாங்கும் கம்பத்தில் ஓர் ஆணி உண்டு. வலி மாத்திரை தின்று தீர்த்த காலி அட்டைகளை அதில் குத்தி வைப்போம். இடுப்பு பிடித்தாலோ தோள் வலித்தாலோ ஒன்றை உருவிக்கொண்டு மெடிக்கலுக்குப் போவோம். அட்டையைக் காட்டினால் அதே மாத்திரை வரும், பெயர் படிக்க வேண்டியதில்லை. எது எதற்கு என்பதை, அதைப் போட்டு வலி விட்டவனிடம் கேட்டுக்கொள்வோம். என் முதுகு பல மாத்திரைகளைப் பார்த்தது என்பதால் எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். 'டாக்டர்' என்று கிண்டலும் செய்வார்கள். எனக்கு அது பிடித்தும் இருந்தது, மறைப்பானேன்.

நெம்மேலிப் பக்கம் மீன் பிடிக்கும் என் தங்கை புருஷன், போன வருஷம் இடுப்பில் கை வைத்தபடி ஷெட்டுக்கு வந்தார்.

"வலைய இஸ்க்க முடில மச்சான். இன்னா போடறது?"

மஞ்சள் அட்டை ஒன்றை உருவிக் கொடுத்தேன். "காலைல ஒண்ணு போடு மச்சான். கும்முனு இருக்கும்."

நாங்கள் அதைக் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, உளி எடுக்கும் முன் போடுவோம். அவருக்குக் காலை என்பது படகு தள்ளும் நேரம். அப்போது டீ மட்டும்தான், கரைக்குத் திரும்பித்தான் சோறு. எனக்கு இது தெரியாதா? நானும் அதே மீனவக் குப்பத்தில் பிறந்தவன்தான். சாப்பிட்டுவிட்டுப் போடு என்று சொல்லத்தான் தோன்றவில்லை. மெடிக்கலில் அவர் அட்டையை நீட்டினார், மாத்திரை கொடுத்தார்கள், முடிந்தது.

மூன்று வாரம் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார். ஒருநாள் படகிலிருந்து இறங்கியவர் மணலில் ரத்தமாக வாந்தி எடுத்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றில் புண், இன்னும் தாமதித்திருந்தால் ஆள் பிழைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டரம்மா.

"யார் சொல்லி இதைப் போட்டீங்க?"

கட்டிலில் கிடந்தவர் எனக்கு முந்திக்கொண்டார். "யாரும் சொல்லல மேடம். நானாதான் போட்டேன்."

தங்கை என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் அவர் கஞ்சி குடிக்கும் அளவுக்குத் தேறினார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறவள். சுற்றி இத்தனை டாக்டர்கள் இருக்க, முட்டி வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று என் தங்கையைக் கேட்டாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, தங்கை புருஷன் என் பக்கம் தலையை ஆட்டினார். கிண்டலே இல்லை அந்தக் குரலில்.

"எங்க மச்சானாண்ட கேளும்மா. அவருக்கு எல்லாம் தெரியும்."

அவள் என் வாயையே பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது, டாக்டரைக் கேள் என்றேன்.

"பரவால்லண்ணா," என்றாள், "சும்மா சொல்லு."