மழையில்லாத நாளில் ஒரு வைப்பர்

வானத்தில் பொட்டு மேகமில்லை. வெர்னெல் ஹாப்சன் வைப்பரைப் போடுகிறார். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கீச்சென்று போய்க் கீச்சென்று திரும்புகிறது.

“மிஸ் வெர்னெல், மழை உங்க சீட்டுக்கு மட்டும் பெய்யுதா?” பின்னாலிருந்து ஒருத்தி கேட்கிறாள்.

“பாட்டு வெந்துக்கிட்டிருக்கு கண்ணு. மூடியைத் திறக்காதே.”

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் தெற்குப் பக்கம் ஓடும் பழைய பேருந்து அது; ஓட்டுநர் வெர்னெல். இரண்டு வைப்பர்களுக்கும் தனித்தனிக் குமிழ். வெர்னெல் தன் பக்கத்து வைப்பரை மட்டும், உள்ளதிலேயே மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஏதாவதொரு பாட்டை அந்தக் கீச்சுக்குள் அடக்கிப் பார்ப்பார். வேகமாகப் பிறந்த பாட்டு முதலில் முரண்டு பிடிக்கும். மூன்றாம் நாள் வழிக்கு வரும்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, முடிதிருத்தும் கடைக்குப் பின்னாலுள்ள சாப்பாட்டுக் கூடத்தில் அவர் பாடுவார். பச்சை ஜிகினா உடைக்குக் கீழே அதே ஓட்டுநர் பூட்ஸ். அறுபத்தொரு வயதாகிறது, சொந்தமாக ஒரு பாட்டு கிடையாது. கேட்டால், “ஊர்ல அரைகுறையா வுட்டுட்டுப் போன பாட்டையெல்லாம் யாரு முடிக்கிறதாம்?” என்பார்.

அப்படி அவர் முடித்ததில் பெரியது ஒரு லாரிக்காரன் பாட்டு. கௌபாய் தொப்பி வைத்த யாரோ ஒருவர், கைதட்டும் தாளத்தில் இரண்டரை நிமிடத்தில் பாடி, நாடு முழுக்க வானொலியில் ஓடியது. ‘இராச்சாப்பாட்டுக்குள்ள வந்துடுவேன்’ என்று மனைவியிடம் உற்சாகமாகச் சொல்லிவிட்டு லாரி கிளம்பும். அவ்வளவுதான் பாட்டு.

“அந்தாளு பாடுறதைப் பாத்தா, பஸ்ஸை வுட்டுடுவோம்னு ஓடுறவன் மாதிரி இருக்கு. நான் பஸ் ஓட்டுறவ. நான் வராம அது கிளம்பாது.”

அவர் பாடினால் ஒன்பது நிமிடம். பாடுவது லாரிக்காரன் இல்லை. அவனுக்குத் தட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பவள். ‘இராச்சாப்பாட்டுக்குள்ள’ என்ற இடத்தில் எல்லாம் நின்றுவிடும். அப்போது முதல் மேசையிலிருந்து ஒரு குரல் வரும்: “நிதானமாப் பாடுடி கண்ணு!” தேவாலயத்தில் பாடுகிறவருக்குத் தொண்டை அடைத்தால் சபை கொடுக்கும் குரல்தான் அது. அந்தக் குரலின் மேலேறி ஆர்கன் உள்ளே வரும், ட்ரம் வரும், ‘வந்துடுவேன்’ வரும்.

பன்னிரண்டு வருடங்களாக அந்தக் குரல் ஒசெல்லா யார்ப்ரோவுடையது. பக்கத்தில் கணவர் கிளியோஃபஸ் யார்ப்ரோ. உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். முப்பது வருட வகுப்பில் ஒருநாள்கூடக் குரல் உயர்த்தாதவர். இருவருக்கும் நடுவே பொரித்த கெளுத்தி மீனும் ஸ்பகெட்டியும்.

மார்ச்சில் ஒசெல்லா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு வெர்னெல் அந்தப் பாட்டைத் தொடங்கினார். ‘இராச்சாப்பாட்டுக்குள்ள’ என்று நின்றார். ஆர்கன்காரர் லவோன் விரல்களைத் தூக்கியபடி காத்திருந்தார். ட்ரம்காரர் காத்திருந்தார். யாருமே பாட்டுக்குள் வரவில்லை. தாங்கள் இத்தனை காலம் தாளம் எண்ணியே வாசிக்கவில்லை, ஒரு பெண்ணின் குரலுக்குத்தான் வாசித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது.

“மீன் சூடா இருக்கு, போய்ச் சாப்பிடுங்க,” என்று வெர்னெல் மைக்கை வைத்துவிட்டார்.

அதன்பின் ஐந்து ஞாயிறுகள் அந்தப் பாட்டு இல்லை. யார்ப்ரோ மட்டும் வந்து அதே மேசையில் உட்கார்ந்தார். வீட்டில் ஒசெல்லாவின் அலமாரியைக்கூட அவள் தங்கை வந்து காலி செய்துவிட்டுப் போயிருந்தாள். ஒசெல்லாவுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த ஓர் இடம் அந்தப் பாட்டின் நடுவில் இருந்தது. அதுவும் மூடப்பட்டுவிடும் என்று நினைத்தார்.

“நான் நாலு எண்ணி உள்ள வந்துடறேனே,” என்று லவோன் வெர்னெலிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது.

“அவ எண்ணிக்கிட்டா கத்துனா? சும்மா இரு, லவோன்.”

திங்கட்கிழமைகளில் யார்ப்ரோ கல்லறைத் தோட்டத்துக்கு வெர்னெலின் பேருந்தில்தான் போவார். முன்னிருக்கை. வெயில் கொளுத்திய ஒரு திங்களன்று வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் வெர்னெல் திரும்பினார்.

“வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும். கத்துறதுக்கு முன்னாடி அவ என்ன செய்வா? மேடையிலேருந்து எனக்குத் தெரியாது. விளக்கு கண்ணைக் கூசும்.”

யார்ப்ரோ யோசித்தார். மனைவி இறந்தபின் எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது இவர்தான்.

“வாயில இருக்கறதை முழுங்குவா, மிஸ் வெர்னெல். ஃபோர்க்கைத் தட்டுல வைப்பா. அப்புறம்தான்.”

“பாத்தியா, மகராசிய! என்னைத் தொங்கவுட்டுட்டு மீன் தின்னுருக்கா!”

இருவரும் சிரித்தார்கள். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது.

அந்த ஞாயிறு, வெர்னெல் மறுபடி தொடங்கினார். ‘இராச்சாப்பாட்டுக்குள்ள’ என்று நின்றார். பின் மேசையில் யாரோ உதவிக்குக் குரல் கொடுக்க வாயெடுக்க, உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். யார்ப்ரோ வாயிலிருந்த மீனை மெல்வதையே மறந்திருந்தார். அதை விழுங்கினார். ஃபோர்க்கைத் தட்டில் வைத்தார்.

கிளிங்.

ஆர்கன் உள்ளே வந்தது.

‘வந்துடுவேன்’ என்ற சொல்லை வெர்னெல் அன்று மேலே தூக்கிப் பாடவில்லை. சமையலறையில் பேசுகிறவர்போல, முதல் மேசையைப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னார். யார்ப்ரோ நன்றி சொல்ல நினைத்தார். கூடத்தில் அத்தனை பேரும் எழுந்து கத்திக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

மறுநாள் பேருந்தில் சொல்லலாம் என்று ஏறினார். வெர்னெல் வேறொரு பாட்டைத் தொடங்கியிருந்தார். நீல வானத்துக்குக் கீழே வைப்பர் கீச்சிட்டது. யார்ப்ரோ முன்னிருக்கையில் அமர்ந்து தொண்டையைச் செருமினார்.

வெர்னெல் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் கை நீட்டி, இரண்டாவது குமிழையும் திருகினார். யார்ப்ரோவுக்கு நேரெதிரே இருந்த வைப்பர் மெல்ல எழுந்து பாட்டில் சேர்ந்துகொண்டது.