எலுமிச்சம்பழம் குத்திய நேபாளக் கத்தி

போன வாரம் என் பையன் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். தற்செயலாக எட்டிப் பார்த்தவள், கையில் இருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அதில் ஒரு ஆள் அட்டைப்பெட்டியைப் பிரித்து உள்ளேயிருந்து ஒரு கத்தியை எடுக்கிறான். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது கத்தி.

"நேபாளத்துக் கத்திம்மா. இவரு நெறைய கத்தி சேத்து வெச்சிகிறாரு. அதுலயே இதான் பெருசாம். எப்பிடி கீதுன்னு ரிவியூ சொல்றாரு" என்றான் பையன்.

அதே வளைவு. பிடிக்குப் பக்கத்தில் அதே சின்ன வெட்டு. உறையின் முதுகில் செருகிய அதே இரண்டு குட்டிக் கத்திகள். மலைமேல் இருக்கிற முருகன் அறியச் சொல்கிறேன், இந்த மாதிரி ஒரு கத்தியின் முன்னால் ஒரு பெரியவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கத்தி என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். திருத்தணியில் மலையடிவாரத்துத் தெருவில் இருந்த எங்கள் வீட்டில்தான் அவரும் இருந்தார். வடநாட்டுக்கு லாரி ஓட்டினார். மற்ற டிரைவர்கள் போன ஊரிலிருந்து போர்வை வாங்கி வருவார்கள், பொம்மை வாங்கி வருவார்கள். மாமா கத்தி வாங்கி வருவார். கூடத்துச் சுவர் முழுக்க ஆணி அடித்து வரிசையாக மாட்டியிருந்தார்.

புதுக் கத்தி வந்தால் எங்களை உட்கார வைத்து அதன் குணத்தைச் சொல்லாமல் விடமாட்டார். விரல்மேல் நிறுத்தி எடை பார்ப்பார். முன்கை ரோமத்தை மழித்துக் காட்டுவார். ஒரு எலுமிச்சம்பழத்தை அறுப்பார். கடைசியில் தீர்ப்பு சொல்வார். நன்றாக இருந்தால் "ராசாத்தி." இல்லாவிட்டால் "ஏமாத்திட்டான்." நடுவில் எதுவும் கிடையாது.

இந்தச் சுவரால்தான் மாமாவுக்குப் பெண் கிடைக்கவில்லை என்பது அம்மாவின் எண்ணம். ஒரு வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, திரும்பவும் செருப்பைப் போட்டுக்கொண்டு போனதை நானே பார்த்தேன். தெருவில் எங்களுக்குக் கத்தி வீட்டுக்காரர்கள் என்றே பெயர். அம்மா ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலைப்படி ஒவ்வொன்றுக்கும் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவாள். எல்லாம் தம்பிக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்றுதான். இறங்கி வந்தால் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால் மாமா கோரக்பூரிலிருந்து வந்தார். தோளில் கோணிப்பையில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்ததும் கூடத்தில் இருந்த எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். கத்தி என் மார்பு உயரம் இருந்தது. என் அப்பா, நைனா, மட்டும் சிரித்தார்.

"இன்னாடா இது, கத்தியா, இல்ல லாரி பம்பரா?"

"நேபாளத்துது பாவா. சும்மா சின்னதா எல்லாரும் வெச்சிகினு கீறாங்க. இது மாதிரி எவன்கிட்டயும் இருக்காது."

மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். விரல்மேல் நிறுத்தப் பார்த்தார், விரல் மடங்கிவிட்டது. கையை நீட்டிப் பிடித்தார், தோள் நடுங்கியது. உறையிலிருந்த குட்டிக் கத்திகளைக் காட்டி, ஒன்று சில்லறை வேலைக்கு, மற்றது கூர் இல்லாதது, பெரியதைத் தீட்டிக்கொள்ள என்றார். கொல்லையில் குலை வெட்டிவிட்ட வாழை ஒன்று நின்றது. ஓங்கினார். மரம் ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காததுபோல் நின்றுவிட்டு அப்புறம்தான் சாய்ந்தது.

"ராசாத்தி" என்றார் மாமா, மூச்சு வாங்க.

"இத வெச்சிகினு அந்த ஊர்ல இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"தசராவுக்கு எருமை வெட்டுவாங்களாம் அக்கா. ஒரே போடு."

அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "முருகா! இத எந்த வாசப்படி வழியா எடுத்தாந்தியோ, அந்த வழியா எடுத்துகினு போயிடு." மாமா போகவில்லை. கத்தியும் போகவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு பெண் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். விஜயதசமியன்று மத்தியானம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்களாம். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயுத பூஜைக்குச் சுவரிலிருந்த கத்திகளை எல்லாம் இறக்கிக் கழுவிப் பூஜையில் வைத்தாகிவிட்டது. மறுநாள் மறுபூஜை முடிந்ததும் அப்படியே மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அதுவரை பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தொடக் கூடாது, அது வழக்கம்.

மற்ற கத்திகள் மாமாவின் ஸ்பானர்களோடும் என் புத்தகங்களோடும் பலகையில் அடங்கிவிட்டன. இது அடங்கவில்லை. சுவரில் சாய்த்து, முனை மேலே பார்க்க, நடுவில் நிறுத்தினார்கள். உறை தோல் என்று அம்மா அதைப் பூஜை இடத்தில் விடவில்லை. அதனால் வெறும் கத்தியாக நின்றது. எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல் அதற்கும் சந்தனம், குங்குமம். குழந்தைகள் குத்திக்கொள்ளும் என்று மாமா முனையில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகினார். பார்க்கவே பயமாக இருக்கிறது என்று அம்மா, லாரிக்கு வாங்கியதில் மிஞ்சிய சாமந்தி மாலையைப் போட்டு மூடினாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காகச் செய்தது. எல்லாம் சேர்ந்து என்னவாகிவிட்டது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மத்தியானம் வருவதாகச் சொன்னவர்கள் காலைப் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பாவும், அவருடைய அக்காவும். அவருக்கு நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு. அம்மா வாயில் பல்பொடியோடு கொல்லைக்கு ஓடினாள். மறுபூஜை இன்னும் ஆகவில்லை.

பெண்ணின் அப்பா கூடத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். பார்வை நேராகக் கத்தியில். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எந்த சாமிங்க?" என்றார், குரலைத் தாழ்த்தி.

நைனா மாமாவைப் பார்த்தார். மாமாதான் பதில் சொன்னார்.

"எங்க... காவல் சாமிங்க."

அவ்வளவுதான். அந்தப் பெரியவர் தரையில் நெடுக விழுந்தார். அவருடைய அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொல்லையிலிருந்து வந்த அம்மா அந்தக் காட்சியைப் பார்த்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. அது வாழைமரம் வெட்டிய கத்தி என்பதைச் சொல்லிவிடுவேனோ என்று என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. எழுந்தவர், "பொண்ணு குடுக்கற வூட்டு சாமிகிட்ட உத்தரவு கேக்காம நாங்க கை நனைக்கறதில்ல. இவ்ளோ உக்கிரமான சாமி கீது. பூ கேட்டுடலாமே" என்றார்.

பூ கேட்பது என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் போட்டுக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் எழுந்து போய்விட வேண்டியதுதான், மறுபேச்சு இல்லை.

"நான் கட்றேங்க" என்று நைனா நகர்ந்தார்.

"வேணாங்க. உத்தரவு கேக்கறவன் கையாலதான் கட்டணும்." அவரே கொல்லைக்குப் போனார். அங்கே நந்தியாவட்டையும் இருந்தது, சிவப்பு அரளியும் இருந்தது. வாழை இலைக் கிழிசலில் மடித்து, நார் சுற்றி, ஒரே அளவில் இரண்டு பொட்டலம் கொண்டுவந்து கத்தியின் கீழே போட்டார்.

"பாப்பா, வாம்மா. சாமிய நெனச்சிகினு ஒண்ண எடு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். எந்தச் சாமியை நினைப்பது என்று தெரியாமல், கத்திமுனையில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்தேன். அவர் கையை நீட்டினார்.

"அண்ணா, பிரிக்காதீங்க."

அம்மாவின் குரல் அது என்று நம்ப முடியவில்லை. அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அது சாமி இல்லீங்க. கத்தி. என் தம்பி கோரக்பூர்ல வெல குடுத்து வாங்கினது. அந்த ஊர்ல அதால எருமை வெட்டுவாங்களாம். நாங்க பூசைக்கு வெச்சோம், அவ்ளோதான். நீங்க வுழுந்தப்பவே சொல்லிருக்கணும். வாய் வரல."

"அக்கா!" என்றார் மாமா.

"நீ சும்மா இருடா. உனக்குக் கல்யாணம் ஆவணும்னு படி படியா குனிஞ்சவ நானு. ஒரு கத்தி குடுக்கற உத்தரவ வாங்கிகினு மறுபடி எப்பிடிடா அந்தப் படியில கால் வெப்பேன்?"

அவர் பூப் பறிக்கப் போனபோது வைத்த காப்பி, யாரும் தொடாமல் பாலாடை படிந்து இருந்தது. பெண்ணின் அப்பா இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்தார். முகத்தைத் துடைத்தார். கத்தியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவருடைய அக்காதான் பேசினாள்.

"வா, போலாம். எருமை வெட்ற கத்திக்குத் தண்டம் போட்டுட்டு வந்தேன்னு ஊர்ல எவன்கிட்டயும் சொல்லித் தொலைக்காத."

அவர்கள் போன பிறகு மாமா மூலையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பினார். என் கையில் இருந்த பொட்டலத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நான் அதைக் கொல்லைப் பக்கம் எடுத்துப்போய்ப் பிரித்தேன். வெள்ளை. நந்தியாவட்டை, இரண்டு பூ. எனக்கு அழுகை வந்தது. சம்மதம் கிடைத்தும் இப்படி ஆகிவிட்டதே என்று. கத்தியின் கீழே கிடந்த இன்னொன்றையும் ஓடிப்போய் எடுத்துப் பிரித்தேன், அந்தச் சிவப்பு அரளியைக் காலால் மிதிக்க வேண்டும் போலிருந்தது.

அதிலும் வெள்ளை.

இலையை உதறிப் பார்த்தேன். கீழே தேடினேன். கொல்லை அரளிச் செடியைப் போய்ப் பார்த்தேன். ஒரு பூகூடப் பறிபடாமல் அப்படியே சிவந்துபோய் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மலைமேல் இருக்கிறவன்தான் மாற்றிவிட்டான் என்று நினைத்து, இரண்டு இலைகளையும் விரித்து ஏந்திக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, பாரு! முருகன் ரெண்டையும் வெள்ளையாக்கிட்டாரு!"

அம்மா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அந்த மனுசன்" என்று மட்டும் சொன்னாள். நான்கு பூவையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாத. உன் மாமன்கிட்டகூட."

மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாகப் பள்ளிப்பட்டு போனாள். சாயங்காலம் திரும்பியவளிடம் நைனா என்ன ஆயிற்று என்று கேட்டார். "அவங்களும் நம்மள மாதிரிதாங்க. பொண்ணுக்கு முப்பது ஆவப் போவுது. அந்த அண்ணனும் வருசா வருசம் இதே படியதான் ஏறிகினு கீறாரு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

தை மாதம் அந்தப் பெண்ணோடே மாமாவுக்குக் கல்யாணம். பூஜைக்கு இறக்கிய கத்திகளை மாமா திரும்பச் சுவரில் மாட்டவில்லை. பெரியதை மட்டும் அத்தை வைத்துக்கொண்டாள், பலாப்பழம் பிளக்க. நன்றாகப் பிளக்கும்.

கல்யாணச் சாப்பாடு முடிந்து நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அத்தையின் அப்பா வந்து என் பக்கத்தில் குந்தி, கையில் கற்கண்டு வைத்தார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, அன்னிக்கி நீ எடுத்தியே, அதுல இன்னா பூ இருந்துது?"

நான் திகைத்துப்போனேன். கட்டினவர் அவர். அவருக்குத் தெரியாதா?

"வெள்ளைங்க. ஆனா இன்னொண்ணுலயும்..."

தொடையில் சுரீர் என்றது. அம்மா கிள்ளிவிட்டாள்.

"வெள்ளைதாங்கண்ணா" என்றாள் அம்மா. "நான்கூட பாத்தேன்."

அவர் கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். "முருகன் செயல்மா" என்றார்.

"ஆங், முருகன் செயல்" என்றாள் அம்மா, மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு.

கத்தியைச் சாமி என்று சொன்னதற்கு ஒரு கல்யாணத்தையே நிறுத்தத் துணிந்தவள், இப்போது அந்த மனிதரோடு சேர்ந்து கை கூப்பிக்கொண்டிருந்தாள். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். கற்கண்டு வாயில் கரைந்தது. தொடையில் கிள்ளிய இடம் வலித்தது. எனக்கு அன்று தெரிந்தது அந்த வலி ஒன்றுதான்.