மேட்டைக் காக்கும் மேட்

என் அத்தானுக்குக் காரைவிட அதன் கால்மிதி மேட் முக்கியம். காரோடு வந்த மேட் அழுக்காகக் கூடாதாம். அதன்மேல் ரப்பர் மேட், அதற்கும் மேல் ஒரு சாக்கு. ஓட்டுகிறவர் காலடியில் மேட் நகராமல் பிடித்துக்கொள்ளத் தரையில் இரண்டு குமிழ்கள் உண்டு. அவை பிடிப்பது அடி மேட்டை மட்டும். மேலே கிடப்பவை வழுக்கி பிரேக்குக்குக் கீழே போகும். சொன்னால், "பத்து வருசமா ஓட்டுதேன் மாப்ளே, என் காலுக்குத் தெரியும்" என்பார். மூளைக்குத் தெரியாதது எல்லாம் அவர் காலுக்குத் தெரியும்.

அவர் கால் எப்படியும் போகட்டும். அக்கா அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தாள். திங்கள் முதல் சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடிக்கு, வேலைக்கு அவளே ஓட்டிப் போவதாக இருந்தது. பிரேக் மிதிக்கும்போது சாக்கு குறுக்கே வந்தால்?

ஞாயிறு காலை எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டேன். அடி மேட்டைக் கழற்றக் குமிழை லேசாகத் திருப்பினால் போதும். திரும்பவில்லை. சுற்றிலும் மண் இறுகிக் கிடந்தது.

"அங்கன என்ன மண்ணு அத்தான்?"

"கோயில் புத்துமண்ணுல்லா. வண்டிக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு மேட்டுக்கு அடியில போட்டேன்."

புற்றுமண்ணை நெற்றியில் பூசுவார்கள், வீட்டில் மடித்து வைப்பார்கள். ஏ.சி. தண்ணீர் கசியும் இடத்தில் கொட்டிச் சிமெண்டாக்கியவர் ஊரிலேயே இவர் ஒருவர்தான். அதற்குள் குறட்டோடு வந்து நின்றார்.

"ஒரே இழுப்புல வந்துரும்."

அப்படி இழுத்துத்தான் இன்னொரு குமிழை ஏற்கெனவே உடைத்திருந்தார். குறட்டைப் பிடுங்கி வைத்தேன். பழைய டூத்பிரஷ், சோப்புத் தண்ணீர், அரை மணி நேரம்; குமிழ் விரலுக்கே திரும்பியது. உடைந்ததற்கு நான் வாங்கி வந்திருந்த புதியதைப் போட்டு, மேட்டை மாட்டி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"இதுக்கா இந்தப் பாடு?" என்றார், ஒரு துரும்பையும் எடுத்துப் போடாதவர்.

திங்கள் காலை, முதல் நாளென்று அத்தானும் நானும் கூட ஏறிக்கொண்டோம். அக்கா தெருமுனையில் பிரேக் மிதித்தாள். வண்டி கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. காலடியில் மறுபடியும் ரப்பர் மேட். பக்கத்து சீட்டில் அத்தான் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

அக்கா கத்தவில்லை. அதை உருவி அவர் மடியில் வைத்தாள்.

"நீங்களே காப்பாத்துங்க. கீழ வச்சியள்னா இறங்கி பஸ்ல வாங்க."

புளியங்குடி வரை வெள்ளை வேட்டிமேல் அந்த அழுக்கு மேட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். பின்சீட்டிலிருந்த நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை.